கல்லுமேட்டுக்குப் போன வீடுகள்

செண்பகம் நகரில் முதன்முதலாக நகர்ந்தது பி.டி. டீச்சர் உலகம்மாளின் வீடு. புரட்டாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பால்காரர் மணியடித்துவிட்டுப் போனதற்கும் தண்ணீர் லாரி வந்து நின்றதற்கும் இடைப்பட்ட நேரத்துக்குள், அஸ்திவாரம், படிக்கட்டு, மொட்டைமாடியில் காய்ந்த துணி, அடுப்பில் கொதித்த சாம்பார் என்று எதையும் சிந்தாமல் சிதறாமல் தூக்கிக்கொண்டு, அந்த வீடு பதினோரு அடி மேற்கே போய் நின்றது. அதை முதலில் கண்டுபிடித்தவர் லாரி டிரைவர். எப்போதும் டிரம்முக்கு எட்டுகிற ஹோஸ் அன்றைக்கு எட்டவில்லை. அவர் இறங்கி வந்து லாரியைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், "டீச்சர், வீடு தள்ளிப் போயிருக்கு. நாளைக்கு நீள ஹோஸ் கொண்டாரேன், இன்னைக்குக் குடத்துல பிடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

காரணத்தைத் தேடி யாரும் அலையவில்லை. ஓட வேண்டிய நாயை நாலு நாளாக வாசல் தூணில் கட்டிப்போட்டிருந்தார்கள். நாய் ஓட முடியாததால் வீடு ஓடியது. இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்தச் சாதி நாயக் கட்டிப்போட்டா அப்படித்தான்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு, குக்கர் விசிலடிக்கவும் உள்ளே போய்விட்டார்கள்.

நாயின் பெயர் குருவி. உலகம்மாளின் மகள் கவிநிலா, எட்டாம் வகுப்புப் படிக்கிறவள், வைத்த பெயர். கன்னி நாய் என்று அந்தக் கரிசல் சீமையில் சொல்வார்கள்: கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே ரெண்டு பழுப்புப் பொட்டு, ஒட்டிய வயிறு, ஒரு முயலைப் பார்த்துவிட்டால் அது அடுத்த தாலுகாவில் போய் ஒளிந்தாலும் விடாத கால்கள். முயல் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த நாய்கள். முயல் பிடித்தால் ஜெயில் என்று கெடுபிடி வந்ததும், வேட்டைக்குப் போனவர்களெல்லாம் நல்லவர்களாக மாறினார்கள். அவர்கள் நல்லவர்களாக மாறிய அன்றே நாய்கள் வேண்டாதவையாகிவிட்டன. சிலர் பாழுங்கிணற்றில் தள்ளினார்கள், சிலர் நாற்கர சாலையில் இறக்கிவிட்டுப் போனார்கள், இரக்கமுள்ளவர்கள் கோயில் வாசலில் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள்.

அப்படிக் கிடந்த நாய்களையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து, மூடிக்கிடந்த ஒரு பருத்தி ஜின்னிங் மில்லுக்குள் வைத்துக் கஞ்சி ஊற்றியவர் ஞானதுரை. முப்பது வருஷம் வனக்காவலராக இருந்தவர், இந்த நாய்களின் எஜமானர்களைத் துரத்தித் துரத்தி முழங்கால் தேய்ந்தவர். நாய் கேட்டு யாராவது போனால் அவர் படிவம், ஆதார் நகல் எதுவும் கேட்க மாட்டார். கேட்டு வந்தவரின் உள்ளங்கையில் கொஞ்சம் பால் ஊற்றுவார், நாய் அதை நக்கிக் குடிக்கும்போது, "கட்டிவைக்க மாட்டேன், பட்டினி போட மாட்டேன், விடிஞ்சதும் ஓட விடுவேன்" என்று மூன்றையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்வார். அந்தப் பக்கத்தில் வேட்டை நாயை விலைக்குக் கொடுக்கும் பழக்கமே கிடையாது. பாலும் வாக்கும் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். உலகம்மாள் அந்த வாக்கைக் கொடுத்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்கள் பள்ளியில் பதினேழு வருஷமாக மற்றவர்களை ஓடச் சொல்லி விசிலடித்து விசிலடித்து, தன்னோடு ஓட ஒரு துணை இல்லாமல் போனவள் அவள்.

ஒன்றரை வருஷம் அவள் வாக்குத் தவறவில்லை. தினமும் ஐந்து மணிக்குப் பச்சை நாடாவை எடுப்பாள், குருவி தானே வந்து கழுத்தை உள்ளே நுழைத்துக்கொள்ளும், நகரின் கடைசித் தெரு வரை இருவரும் ஒழுங்காக நடப்பார்கள், கல்லுமேட்டில் ஏறியதும் அவள் நாடாவை உருவுவாள், அப்புறம் அங்கே நாய் என்று ஒன்று இருக்காது, புழுதி மட்டும்தான் இருக்கும். அவளும் தன்னால் முடிந்த மட்டும் ஓடுவாள். நாற்பத்தொரு வயதில், வியர்த்து, மூச்சு வாங்கி, யாரும் பார்க்காத அந்த மேட்டில் நின்று சிரிப்பாள். அவள் வாழ்க்கையில் சந்தோஷம் என்று ஒன்று இருந்தது என்றால் அது அந்த ஐம்பது நிமிஷம்தான்.

பிறகு மாவட்டப் போட்டியில் ஒரு பிள்ளைக்கு உயரம் தாண்டிக் காட்டப் போய் கணுக்கால் பிசகி மாவுக்கட்டுப் போட்டார்கள். கணவர் பால்வண்ணன் காலண்டர் அடிக்கும் அச்சகத்தில் வேலை செய்கிறவர். புரட்டாசி பிறந்துவிட்டால் அவருக்குச் சாப்பிடவே நேரம் இருக்காது, நாயோடு எங்கே ஓடுவது? நாயை அவிழ்த்து விட்டால் நகர் நலச் சங்கத்தில் புகார் வரும். "நாலு நாளைக்குத்தான" என்று சொல்லி அவர் குருவியைத் தூணில் கட்டினார். நாலாம் நாள்தான் வீடு கிளம்பியது.

வீடு நகர்ந்ததால் பெரிய தொந்தரவு ஒன்றும் இல்லை. மின்வாரியத்து லைன்மேன் வந்து வயரில் ஒரு துண்டு சேர்த்தார். தபால்காரர் கதவு எண்ணைப் பார்த்துக் கடிதத்தைப் போட்டார். கதவு எங்கே இருக்கிறது என்பது அவர் கவலை இல்லை. போர்வெல்லும் செப்டிக் டேங்கும் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன, அதற்குக் குழாயை நீட்டிக்கொண்டார்கள். மறுநாள் ஒன்பதடி, அதற்கடுத்த நாள் பன்னிரண்டடி என்று வீடு போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் நகர் நலச் சங்கத் தலைவர் தவமணி அண்ணாச்சி தன் கடையிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

அவர் வந்ததற்குக் காரணம் இருந்தது. செண்பகம் நகர் முழுக்கக் கண்மாய்க்குள் கட்டியது. அது எல்லோருக்கும் தெரியும்; மனை வாங்கும்போதே தெரியும், தெரியாத மாதிரி வாங்கினார்கள், மழைக்காலத்தில் தவளைகள் வந்து சமையலறையில் உட்கார்ந்தபோதும் தெரியாத மாதிரி விரட்டினார்கள். கடைசியில் கோர்ட்டுக்குத் தெரிந்துவிட்டது. கண்மாயின் எல்லைக்கல்லுக்குக் கிழக்கே இருக்கிற நாற்பத்திரண்டு வீடுகளையும் ஐப்பசி முடிவதற்குள் இடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்து எல்லார் கதவிலும் ஒட்டியிருந்தது. எல்லைக்கல்லுக்கு மேற்கே கல்லுமேடு. அங்கேயும் இதே நகரின் மனைகள்தான், சுடுகாட்டுக்குப் பக்கம் என்று யாரும் சீந்தாமல் கிடந்தவை. குருவி வீட்டை இழுத்துக்கொண்டு போன திசையும் அதுதான்.

தவமணி அண்ணாச்சி அளந்தார், டேப்பைச் சுருட்டினார், கொஞ்ச நேரம் நாயைப் பார்த்தார். கம்பி, சிமெண்ட் வியாபாரி. ஒரு பொருளைப் பார்த்தால் அது எதற்கு ஆகும் என்றுதான் முதலில் பார்ப்பார். "டீச்சர், இன்னும் பன்னெண்டு பதிமூணு நாள்ல நீங்க எல்லையத் தாண்டிருவீங்க. கண்மாய்க்கு வெளிய போயிட்ட வீட்ட எவன் இடிப்பான்?" என்றார். கூட வந்திருந்த அரசாங்க சர்வேயரைக் கேட்டபோது, வீடு நகரக் கூடாதென்று எந்தச் சட்டத்திலும் இல்லை, வீடு எங்கே இருக்கிறதோ அதை எழுதுவதுதான் தன் வேலை, அது எப்படி அங்கே வந்தது என்று எழுதப் படிவத்தில் கட்டம் கிடையாது என்றார்.

அன்று சாயங்காலமே சங்கக் கூட்டம். நாய் குரைக்கிறது, நாய் ஒன்றுக்கு இருக்கிறது, நாயைக் கண்டால் குழந்தை பயப்படுகிறது என்று ஒன்றரை வருஷமாக உலகம்மாளைப் பாடாய்ப் படுத்திய அதே சங்கம், வாயில்லா ஜீவன்களிடம் நாம் அன்பு காட்ட வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. மறுநாள் ஜின்னிங் மில் வாசலில் வேனும் ஆட்டோவுமாக நின்றது. ஞானதுரைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வருஷக்கணக்கில் ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லாத நாய்களை ஒரே நாளில் இத்தனை குடும்பங்கள் கேட்டு வந்ததில் கிழவர் அழுதே விட்டார். ஒவ்வொருவர் கையிலும் பால் ஊற்றினார். ஒவ்வொருவரும் மூன்று வாக்கையும் பிசிறில்லாமல் சொன்னார்கள், சிலர் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள், தவமணி அண்ணாச்சி நாயின் நெற்றியில் குங்குமம் வைத்தார். நாற்பத்தோரு நாய்களும் போய், மில் காலியாகிவிட்டது.

அதன் பிறகு நகரம் நகர ஆரம்பித்தது. தூணுக்குத் தூண் நாய், நாய்க்கு நாய் கயிறு, விடிந்தால் யாரும் எதையும் அவிழ்ப்பதில்லை, வீடுகள் வாசலும் ஜன்னலுமாக, கோலத்தையும் பைக்கையும் பின்னால் விட்டுவிட்டு, திருவிழாவுக்குப் போகும் கூட்டம் போல மேற்கே போய்க்கொண்டே இருந்தன. வேகமாகப் போன வீட்டுக்காரர்கள் மெதுவாகப் போன வீட்டுக்காரர்களைப் பார்த்துக் கையாட்டினார்கள். எந்த வீடு எத்தனை அடி என்று காலையில் வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்தது. நாய் இளைத்தால் முட்டை கொடுங்கள், சோர்ந்தால் குளுக்கோஸ் கொடுங்கள் என்று யோசனைகள் வந்தன. முயல் தோலை நாயின் கண்ணில் படும்படி மேற்குப் பக்கம் தொங்கவிட்டால் மூன்றடி கூடுதலாகப் போகிறது என்று ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியர் கண்டுபிடித்தார். எல்லோரும் எங்கிருந்தோ முயல் தோல் வாங்கி வந்து தொங்கவிட்டார்கள்.

உலகம்மாள் கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு குருவியைப் பார்த்தபடியே இருந்தாள். அவள் பார்த்தது இதுதான்: வீடு நகரும்போது குருவி நிற்பதில்லை, நடப்பதில்லை, ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளும், நாலு காலும் காற்றில் ஓடும், வாய் நுரை தள்ளும், வீடு நின்ற பிறகும் கால்கள் நிற்காது. ஒன்பதாம் நாள் அதன் பாதத்தைத் தூக்கிப் பார்த்தபோது உள்ளங்காலெல்லாம் கிழிந்து ரத்தம் ஒழுகியது. தரையைத் தொடாமலே முள்ளிலும் கல்லிலும் ஓடியிருக்கிறது. ஒரு வீட்டை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

அன்றைக்கு ஞானதுரையும் வந்தார், விஷயம் கேள்விப்பட்டு, வேர்க்க விறுவிறுக்க. ஒவ்வொரு வாசலிலும் நின்று "கட்டமாட்டேன்னு சொன்னீங்களேய்யா, பால் குடுத்துச் சொன்னீங்களேய்யா" என்று கேட்டார். தவமணி அண்ணாச்சி அவருக்கு மோர் கொடுத்து உட்கார வைத்து, பொறுமையாக விளக்கினார். "பெரியவரே, நல்லா யோசிச்சுப் பாருங்க. நாயக் கட்டிவைக்க மாட்டோம்னு சொன்னோம். நாங்க வீட்டுல நாயக் கட்டல, நாயில வீட்டக் கட்டியிருக்கோம். ஓட விடுவோம்னு சொன்னோம், ஓடிக்கிட்டுத்தான இருக்கு? பட்டினியும் போடல, முட்டை போடுறோம். இதுல எந்த வாக்கு தவறிருச்சு, சொல்லுங்க." ஞானதுரை மோரைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்.

உலகம்மாள் மாவுக்கட்டோடு நொண்டி நொண்டி வாசலுக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தாள். அச்சகத்திலிருந்து வந்த பால்வண்ணன் பார்த்தபோது வீடு நின்ற இடத்தில் நின்றிருந்தது, எல்லைக்கல்லுக்கு ஐம்பதடி கிழக்கே.

"இன்னும் அஞ்சு நாள்தான உலகு," என்றார் அவர். சத்தம் போடுகிற மனுஷன் இல்லை. அன்றைக்கும் சத்தம் போடவில்லை, அதுதான் அவளை வருத்தியது. "அஞ்சே நாள். அப்புறம் அதுக்கு வைத்தியம் பாப்போம். நான் லீவு போட்டுட்டு அதோட ஓடுறேன்."

"அஞ்சு நாள் தாங்காதுங்க அது."

"வீடு போயிரும்."

"தெரியும்."

"கவிக்குப் பதில் சொல்லிக்கோ."

"நான் வாக்குக் குடுத்துருக்கேன்."

"எனக்குங்கூடத்தான் குடுத்துருக்க," என்றார் பால்வண்ணன். அதன் பிறகு பல நாள் அவர் அவளோடு பேசவில்லை.

காலில் கட்டுப் பிரித்ததும் அவள் மறுபடி கல்லுமேட்டுக்குப் போனாள். வழியில் நகர்ந்துகொண்டிருந்த வீடுகளைக் கடந்து போனாள். வீட்டு வாசல்களில் நின்றவர்கள், நாயோடு ஓடுகிற பைத்தியக்கார டீச்சரைப் பார்த்துப் பாவப்பட்டார்கள், சிலருக்குக் கோபம்கூட வந்தது, தங்களைக் குத்திக்காட்டத்தான் அவள் இப்படி ஓடுகிறாள் என்று. அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை இல்லாமல் இல்லை. நாற்பத்திரண்டு வீட்டில் நான் ஒருத்திதான் என்று ஓடும்போதெல்லாம் நினைத்துக்கொண்டாள். குருவியின் பாதம் ஆறிக்கொண்டு வந்தது.

ஐப்பசி பாதியில் வீடுகள் ஒவ்வொன்றாக எல்லையைத் தாண்டின, தாண்டத் தாண்ட நாய்கள் செத்தன. சில கயிற்றில் படுத்தபடியே, சில அவிழ்த்துவிட்ட பிறகு நாலடி நடந்து. ஒரு வீட்டு நாய் செத்த பிறகும் ஒரு மணி நேரம் அதன் கால்கள் ஓடிக்கொண்டிருந்தன, வீடும் போனது. அந்த வீட்டுக்காரர் அதை எல்லோரிடமும் ஆச்சரியமாகச் சொன்னார். செத்ததையெல்லாம் கண்மாய்க்குள், வீடுகள் முன்பு நின்ற பள்ளங்களில் போட்டு மூடினார்கள். சங்கத்தின் சார்பில் கல்லுமேட்டு முனையில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்தார்கள்: கண்ணீர் அஞ்சலி, நன்றியுள்ள ஜீவன்களே உங்கள் தியாகம் வீண்போகாது. மேலே வட்டத்துக்குள் ஒரு நாயின் படம், கீழே சங்க நிர்வாகிகள் பதினான்கு பேரின் படங்கள், கும்பிட்ட கையோடு. வட்டத்துக்குள் இருந்த நாய் அந்த நாய்களில் ஒன்றுகூட இல்லை. ஃபிளெக்ஸ் கடைக்காரன் கணினியில் கிடந்த ஏதோ ஒரு வெளிநாட்டு நாயை எடுத்துப் போட்டிருந்தான்.

உலகம்மாளின் வீட்டை ஒரு வியாழக்கிழமை இடித்தார்கள். இடிக்க வந்தவர்கள் மரியாதையானவர்கள். சாமான்களை எடுக்க நேரம் கொடுத்தார்கள், சாமி படங்களைக் கையில் வாங்கிக் கொடுத்தார்கள். ஜேசிபி முன்சுவரைத் தொட்டபோது கவிநிலா அழவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வை உலகம்மாளுக்கு எந்த ஏச்சை விடவும் வலித்தது.

தலைமையாசிரியை மனசு இரங்கி, விளையாட்டுச் சாமான் அறையில் தங்கிக்கொள்ளச் சொன்னார். கைப்பந்து வலைகள், தடை ஓட்டக் கட்டைகள், காற்றிறங்கிய பந்துகள் இவற்றுக்கு நடுவில் மூன்று பேரும் ஒரு நாயும். அந்த வருஷம் ஐப்பசி மழை பெய்யவில்லை, கொட்டியது. தகரக் கூரை ஒழுகி, பாய் நனைந்து, கவிநிலாவுக்கு இருமல் பிடித்தது. முதலில் இருமல், பிறகு காய்ச்சல், பிறகு மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் ஒரு விசில். உலகம்மாள் விசில் ஊதிப் பிழைத்தவள். அந்தச் சத்தம் அவளைக் கொன்றது. விடிந்ததும் மழையில் குருவியை ஓட விட்டுத் திரும்பும்போது, பால்வண்ணன் மகளின் முதுகைத் தடவியபடி, நனைந்த நாயை ஒரு பார்வை பார்ப்பார்.

பன்னிரண்டாம் நாள் தவமணி அண்ணாச்சி குடை பிடித்துக்கொண்டு வந்தார், கூடவே அவர் மனைவி, கையில் டிஃபன் கேரியர். அண்ணாச்சிக்கு ஒரு சிக்கல். கடைசி நாளில் பாக்கியிருந்த பத்தடியை அவர் தன் கடை டேப்பால் அளந்திருக்கிறார். அந்த டேப்பின் நுனியில் ரெண்டடியை வெட்டி எடுத்தது அவரேதான், பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், கம்பி வாங்க வருகிறவர்களுக்காக. ஊரை ஏமாற்றி ஏமாற்றி, அது குறைந்த டேப் என்பதையே மறந்துவிட்டார். வீடு எட்டடி போனதுமே டேப் பத்தடி என்று சொல்ல, அவர் நிம்மதியாக மூச்சு விட்டார், அவர் நாயும் அதே நேரத்தில் கடைசி மூச்சை விட்டது. இப்போது சர்வேயர் வந்து அளந்து, படுக்கையறையும் பூஜையறையும் ரெண்டடி கண்மாய்க்குள் நிற்கின்றன, திங்கட்கிழமை ஜேசிபி வரும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாய்க்கு ஞானதுரையிடம் போனால் மில் வாசலில் பூட்டுத் தொங்குகிறது. அந்தச் சீமை முழுக்கத் தேடியும் உயிரோடு, ஓடுகிற காலோடு, ஒரே ஒரு கன்னி நாய்தான் இருந்தது.

"ரெண்டே ரெண்டடி டீச்சர்," என்றார் அண்ணாச்சி. தடை ஓட்டக் கட்டை மேல் உட்கார்ந்திருந்தார். "மத்தவுக நூத்தம்பது, எரநூறு அடி இழுக்கவிட்டாக, அது பாவம், ஒத்துக்கிடுறேன். ஒங்க நாய் நல்லா ஓடிப் பழகின நாய், இது அதுக்கு ஒரு காலால தள்ளுற வேலை. மத்தியானம் கட்டினா விளக்கு வைக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும். மாடி காலியாத்தான் கெடக்கு. ரெண்டு பெட்ரூம், சன்னல் தெக்க பாத்து. பாப்பா படிப்பு முடியிற வரைக்கும் இருங்க, வாடகைன்னு நான் வாயத் தொறந்தா என்னன்னு கேளுங்க."

அவர் மனைவி கவிநிலாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "அனலாக் கொதிக்குதேம்மா. இந்த ஈரத்துல எப்படித் தாயி படுத்துக் கெடக்க?"

உலகம்மாள் பால்வண்ணனைப் பார்த்தாள். அவர் கைப்பந்து வலையில் ஒரு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். யாராவது ஒருவர் தன்னை வற்புறுத்தினால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. யாரும் வற்புறுத்தவில்லை. மகள் இருமினாள்.

"ரெண்டடி ஆனதும் அவுத்துரணும்," என்றாள் உலகம்மாள்.

"எம் பிள்ளைக மேல சத்தியமா," என்றார் அண்ணாச்சி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்களுடைய சாமான்கள் அண்ணாச்சி வீட்டு மாடிக்கு ஏறின. குருவி வேறு யாரையும் கிட்டே நெருங்க விடவில்லை, அண்ணாச்சியின் கடை ஆட்கள் ரெண்டு பேர் போய்ப் பார்த்து, பல்லைக் காட்டியதும் திரும்பி வந்துவிட்டார்கள். உலகம்மாள்தான் போனாள். மழை விட்டிருந்தது. அவள் கையில் கயிறு இல்லை, அந்தப் பச்சை நாடாவைத்தான் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். வேண்டுமென்று செய்தாளா, பழக்கதோஷமா என்று அவளுக்கே தெரியாது. நாடாவைக் கண்டதும் குருவி துள்ளியது, இந்த வேளையில் ஓடப் போவதில்லையே என்றெல்லாம் அது யோசிக்கவில்லை, வாலைச் சுழற்றிக்கொண்டு வந்து, எப்போதும் போலத் தானே கழுத்தை உள்ளே நுழைத்துக்கொண்டது. அவள் நாடாவின் மறுமுனையைத் தூணில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். குருவி மேற்கே பார்த்து நின்றது, அவள் வருவதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு ஒருக்களித்துப் படுத்தது.

அவள் மாடிக்கு ஏறிப் போனாள்.

மாடி நன்றாக இருந்தது. காய்ந்த தரை, காய்ந்த சுவர், ஜன்னலில் வெயில். அவள் அரிசி கழுவி உலை வைத்தாள், மிளகு தட்டி ரசம் வைத்தாள், மகளுக்கு வெந்நீரில் முகம் துடைத்துவிட்டாள். மருந்து வாங்கப் போன பால்வண்ணன் இன்னும் திரும்பவில்லை. சோற்றைப் போட்டு உட்கார்ந்தபோது டம்ளரில் தண்ணீர் லேசாக ஆடியது. கீழே அண்ணாச்சியின் குரல் கேட்டது: சர்வேயரிடம் கடன் வாங்கிய டேப்பை யாரோ பிடிக்க, "ரெண்டு, ரெண்டே கால், ரெண்டரை" என்று படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஏதோ கேட்டாள். "இருக்கட்டும்டி," என்றார் அவர். "பின்னால துணி காயப்போட ஒரு நாலடி எடம் வேணும்னு நீதான சொல்லிக்கிட்டே இருந்த? இனிமே ஏது நாயி?"

கவிநிலா கையில் எடுத்த சோற்றோடு நிமிர்ந்தாள்.

"அம்மா, வீடு போகுதா?"

"ஆமா. சாப்பிடு."

"ரெண்டடி இன்னுமா ஆகல?"

"ஆயிருச்சு," என்றாள் உலகம்மாள்.

"அப்ப குருவிய அவுத்து விடலியா?"

உலகம்மாள் எழுந்திருக்கப் போகிறவள் போலக் கையைத் தரையில் ஊன்றினாள். படிக்கட்டு பதினெட்டுப் படி. இறங்கினால் வாசல், வாசலில் தூண், தூணில் அவளே போட்ட முடிச்சு. அவிழ்க்கலாம். அவிழ்த்தால் அண்ணாச்சி முகம் எப்படிப் போகும், அந்த முகத்தில் விழித்துக்கொண்டு இந்த மாடியில் எத்தனை நாள் இருக்க முடியும், அந்தத் தகரக் கூரை, அந்த ஈரப் பாய், மகளின் நெஞ்சுக்குள் அந்த விசில் என்று எல்லாவற்றையும் அவள் வரிசையாக நினைத்துப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே கல்லுமேட்டின் ஒரு வேப்பமரம் மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"ரசம் ஊத்தவா?" என்று கேட்டாள்.

கவிநிலா அம்மாவைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள். மூன்று வாரமாகச் சூடான சோறு சாப்பிடாத பிள்ளை, தட்டை நீட்டினாள்.